பழைய சின்ன எஸ்.யூ.வி. வாங்கப் போகிறீர்களா?

"புது வண்டிக்குப் பத்து லட்சம் போட முடியாது சார். ஆறு லட்சத்துக்குள் நல்லதாக ஒரு பழைய எஸ்.யூ.வி. கிடைக்குமா?"

மும்பையிலும் புறநகர்களிலும் இருக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் தாழ்வான காரில் குனிந்து ஏறி இறங்குவது பெரும்பாடு. மழைக்காலத்தில் நம் சாலைப் பள்ளங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறைக்கு ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் திருநெல்வேலி வரை காரிலேயே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வழிக்கே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். நடுவழியில், கர்நாடகத்தில் ஏதோ ஒரு ஊருக்கு வெளியே, குழந்தைகளோடு வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்பதை நினைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேட்டவர்களுக்கு என் பதில்: கிடைக்கும். ஆனால் வண்டியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அதன் சரித்திரத்தைப் பாருங்கள்.

நான் மோட்டார் மெக்கானிக் அல்ல. ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே பெயிண்டைப் பார்த்து யாரும் ஒரு பெட்டியை வண்டியில் கோப்பதில்லை. பெட்டியின் கோடியில், கடைசியாக எந்தப் பணிமனையில் எந்தத் தேதியில் ஓவர்ஹால் ஆனது, மறுபடி எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். அதுதான் அதன் ஜாதகம். காருக்கும் அப்படி ஒரு ஜாதகம் உண்டு. ஆனால் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நாம்தான் பல இடங்களில் தேடிச் சேர்க்க வேண்டும்.

எஸ்.யூ.வி. என்றால் என்ன?

நம் சந்தையில் 'சின்ன எஸ்.யூ.வி.' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஜீப் வகை அல்ல. சாதாரணக் காரின் அமைப்பைச் சற்று உயர்த்தி, பெரிய சக்கரம் போட்டவை. எஞ்சின் சக்தி முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். இதில் குறை ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது உயரமான இருக்கையும், பள்ளத்தில் அடி தட்டாத இடைவெளியும்தான். நான்கு சக்கர இழுவை நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. பழைய வண்டியில் அது கூடுதல் பராமரிப்பு.

இவற்றில் பல 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்குவதற்கும் காரணம் உண்டு. 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் அல்லது டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய வண்டி வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விற்பவர் தான் அன்று கொடுத்த விலையைச் சொல்லித்தான் பேரத்தைத் தொடங்குவார். நீங்கள் அதே ரகத்துப் புது வண்டியின் இன்றைய விலையைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து கீழே இறங்கிப் பேசுங்கள்.

ஆறு லட்சம் என்றால் ஐந்தேகால் லட்சம்

கையில் ஆறு லட்சம் இருந்தால் ஆறு லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். ஐந்தேகால் லட்சத்துக்குப் பாருங்கள். மீதி எழுபத்தைந்தாயிரம் முதல் வருடச் செலவுக்கு. நான்கு டயர் மாற்ற வேண்டியிருந்தால் அதற்கே இருபத்தைந்து, முப்பதாயிரம் ஆகலாம். பேட்டரி, பிரேக், கிளட்ச், ஷாக் அப்ஸார்பர், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். கடன் வாங்குவதாக இருந்தால் பழைய வண்டிக்கு வட்டி புது வண்டியைவிடப் பொதுவாக அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பெட்ரோலா, டீசலா?

வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் வண்டி 19 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் 104 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்றால், பெட்ரோல் செலவு சுமார் 55,500. டீசல் செலவு சுமார் 38,000. வருடத்துக்கு மிச்சம் 17,500 ரூபாய். பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு முறை பழுதானால் இரண்டு மூன்று வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

மேலும், 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் என்று மட்டுமே ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே வருடத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குத்தான் டீசல். மற்றவர்களுக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் போதும். பழுதாகக்கூடிய சாமான் குறைவாக இருந்தால் பழுதும் குறைவு.

பெட்ரோலில் ஒரு விஷயம். இப்போது பெரும்பாலான பங்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. 2023-க்கு முந்தைய வண்டிகளில் பல இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். எரிபொருள் குழாய்களின் ரப்பர் பாகங்களை சர்வீஸில் பார்க்கச் சொல்வது நல்லது.

எந்த மாடல்?

நம் பட்ஜெட்டில் பெரும்பாலும் கண்ணில் படுபவை இவை.

மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016-ல் வந்தது. 2020 வரை டீசல் மட்டும், பிறகு 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டும். இரண்டிலும் டைமிங் செயின். சிற்றூரிலும் பார்க்கக்கூடிய மெக்கானிக் உண்டு. இந்த நம்பிக்கைக்காகவே விலை கூடுதலாகச் சொல்வார்கள்.

டாட்டா நெக்ஸான் 2017-ல் வந்தது. 2018 டிசம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் பெற்றது. 2019-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 300-ம் 2020-ல் 5 நட்சத்திரம் பெற்றது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

ஹூண்டாய் வென்யூ 2019-லும் ஹோண்டா டபிள்யூ.ஆர்.-வி. 2017-லும் வந்தவை. இரண்டிலும் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கிடைக்கும். டபிள்யூ.ஆர்.-வி.யின் உற்பத்தி 2023-ல் நின்றது.

ஃபோர்டு எக்கோஸ்போர்ட் நம் மறைமலை நகரிலும், முதல் தலைமுறை ரெனோ டஸ்டர் ஒரகடத்திலும் தயாரானவை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த டஸ்டர் 2022-ல் நின்றது. இரண்டுமே நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடுபவை; விலையும் இறங்கியிருக்கும். ஆனால் இவற்றின் டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. குறித்த காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் எஞ்சின் உள்ளேயே மோதி உடையும். மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாங்குமுன் அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து ஹெட்லைட், கிளட்ச் செட், முன் பம்பர் ஆகிய மூன்றின் விலையையும், கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேளுங்கள். வண்டியின் எதிர்காலம் அந்தப் பதிலில் இருக்கிறது.

எந்த மாடலானாலும் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாகப் பார்ப்பது நல்லது. அதற்குள் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஓட்டுநர் ஏர்பேக்கும், சீட் பெல்ட் எச்சரிக்கையும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டன. முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். எல்லா மாடலிலும் அது கட்டாயமானது 2021 முடிவில்தான்.

ஆனால் ஒன்று. நன்றாகப் பராமரித்த சுமாரான மாடல், கவனிக்காமல் விட்ட நல்ல மாடலைவிட மேல்.

முதலில் காகிதங்கள்

வண்டியைப் பார்க்கப் போகுமுன்பே நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். முதல் பதிவு எப்போது, எத்தனையாவது உரிமையாளர், எந்த எரிபொருள், இன்ஷூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராதச் சலான் பாக்கியையும் இணையத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள செஸ்ஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த டோம்பிவ்லி நண்பர் ஒருவர் தரகர் மூலம் வண்டி வாங்கினார். முழுப் பணமும் கொடுத்த பிறகுதான் பழைய உரிமையாளரின் கடன் முடியவில்லை என்று தெரிந்தது. பெயர் மாற ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி வாசலில் நின்றது. கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி கொடுத்த தடையின்மைச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வர வேண்டும்.

அடுத்து சர்வீஸ் சரித்திரம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியானால் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை பதிவாகியிருக்கும். உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். 2021-ல் 62,000 என்று பதிவான வண்டி இன்று 48,000 காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நடுவில் இரண்டு வருடம் பதிவே இல்லையென்றால், அந்தக் காலத்தில் எண்ணெய் மாற்றிய பில் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் பேசும். விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஐந்து வருடம் புதுப்பித்த வண்டிக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' 50 சதவிகிதம் வரை ஏறியிருக்கும். ஐந்து வருட வண்டிக்கு அது பூஜ்யம் என்றால், கடைசி வருடம் ஏதாவது கிளெய்ம் ஆனதா, எதற்காக என்று கேட்பது உங்கள் உரிமை. அந்த போனஸ் உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டிக்கு அல்ல. அவருடைய தள்ளுபடி உங்களுக்கு வராது. பிரீமியம் கணக்குப் போடும்போது இதை மறக்க வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

காலை நேரத்தில் போங்கள். மழையிலும் இருட்டிலும் பார்க்காதீர்கள். நனைந்த வண்டியில் பெயிண்ட் குறை தெரியாது. எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

விபத்து: கதவுச் சட்டத்தின் ரப்பரைச் சற்று விலக்கினால் தகட்டின் ஸ்பாட் வெல்டு தெரியும். தொழிற்சாலை வெல்டு சிறு வட்டமாக, சம இடைவெளியில் இருக்கும். ஒரு பக்கம் அப்படியும் மறுபக்கம் கோணலாகவும் இருந்தால் அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பானெட், கதவு, முன் ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா? எல்லாக் கண்ணாடிகளிலும் கம்பெனி முத்திரையும் ஆண்டுக் குறியும் ஒன்றாக இருக்கிறதா? பம்பரில் கீறல் இருப்பது நகரத்து வண்டிக்குச் சகஜம். தூண்களிலும் செஸ்ஸியிலும் கை வைத்த வண்டி மட்டும் வேண்டாம்.

வெள்ளம்: மும்பையில் 2005 ஜூலையையும், சென்னையில் 2015, 2023 டிசம்பர்களையும் மறக்க முடியாது. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு இருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, கார்பெட்டுக்குக் கீழே ஈரம், ஸ்டெப்னி குழியில் மண், புழுங்கல் வாடையை மறைக்கத் தூக்கலான சென்ட் ஆகியவை அடையாளங்கள். எலெக்ட்ரிக் பாகங்களில் ஒரு முறை தண்ணீர் புகுந்தால் தொல்லை தீராது.

துரு: கடலோர நகரத்து வண்டியானால் அடிப்பகுதியை லிஃப்டில் தூக்கிப் பாருங்கள். மேலாகப் படிந்த துரு வேறு, உதிர்கிற துரு வேறு.

டயர்: பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் தாண்டியதை மாற்றுவதே நல்லது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனிலோ அலைன்மெண்டிலோ குறை. ரயிலில் நாங்கள் சக்கரத் தேய்மானத்தைப் பார்த்தே போகியின் நோயைச் சொல்வோம், இங்கும் அதுதான்.

உள்ளே: 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் மெருகேறி, ஓட்டுநர் இருக்கை குழிந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

எஞ்சின்: எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி போல இருந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டிப் பாருங்கள்

அரை மணி நேரமாவது நீங்களே ஓட்டுங்கள். ரேடியோ வேண்டாம், கண்ணாடியை இறக்கி வையுங்கள். வேகத்தடைகளில் கடகடவென்ற சத்தம் வருகிறதா? சமமான சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. காலியான இடத்தில் பலமாகப் பிரேக் போட்டுப் பாருங்கள். ஏ.சி. போட்டு நெரிசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெப்ப முள் ஏறக் கூடாது. கடைசியாக, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, கணினி ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம்தான் இந்த வியாபாரத்தில் மிகப் பயனுள்ள செலவு.

வெளிமாநில வண்டியும், ஊருக்குக் கொண்டுபோவதும்

டில்லி டீசல் வண்டி மலிவு என்று விளம்பரம் வரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் சொல்லி, டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4-ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று திருத்தியது. விலை குறைந்ததற்குச் சட்டம் காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, இங்கே சாலை வரி, தரகருக்குக் கூலி எல்லாம் சேர்த்தால் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். தனியார் காரின் பதிவு முதலில் 15 வருடத்துக்கே என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஊரோடு போய்விட நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு. ஒரு மாநிலத்து வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டி, இங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம். இரண்டே வருடத்தில் ஊர் திரும்புகிறவர் அங்கே போன பிறகு வாங்குவதே மேல். மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர்கள், 2021-ல் தொடங்கிய 'பி.எச்.' வரிசைப் பதிவுக்குத் தகுதி உண்டா என்று அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பணம் கொடுக்கும் நாள்

பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, அவருடைய அடையாளச் சான்று, அசல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு சாவி ஆகியவற்றை அன்றே வாங்குங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.வில் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு நஷ்டஈடு கிடைப்பது கடினம்.

பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற வண்டி கைமாறிக் கைமாறிப் போனாலும் பெயர் மாறாவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எனவே பெயர் மாறியது செயலியில் தெரியும் வரை விடாதீர்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுங்கள். மறுநாளே எஞ்சின் எண்ணெய், ஃபில்ட்டர்கள், கூலன்ட், பிரேக் திரவம் ஆகியவற்றை மாற்றிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வேலையையும் பில்லோடு அதில் சேருங்கள். நாளைக்கு உங்கள் வண்டியைப் பார்க்க வருகிறவரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார். அன்று அந்த நோட்டே உங்களுக்காக விலை பேசும்.